புதன்கிழமை மேசை

செண்பகவல்லி திங்களும் செவ்வாயும் தன் வம்சத்தைத் தேடுவாள். சனிக்கிழமை கேரம் ஆடுவாள். புதன்கிழமை கோவில்பட்டி நூலகத்தில் சம்பளமில்லாமல் மற்றவர்களின் வம்சத்தைத் தேடிக் கொடுப்பாள். கருவியில் ஒரு துளி எச்சில் விட்டால் போதும். ஏழு தலைமுறையும் கணினித் திரையில் வரும். யார் யாரை வெட்டினார்கள் என்பதும் சேர்ந்தே வரும்.

போன புதன் கொம்பையா வந்தான். அவனுடைய பூட்டனைக் கொன்றவரின் கொள்ளுப்பேரன், வெல்டிங் பட்டறை சிவநேசன் என்று திரை காட்டியது. அவள் அதை அச்செடுத்துக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் சிவநேசன் பட்டறை வாசலில் கழுத்து வெட்டுப்பட்டுக் கிடந்தார்.

இந்தப் புதன் அவருடைய மகள் இசைவாணி துணிப்பையோடு வந்து உட்கார்ந்தாள்.

"கொம்பையா ஜெயில்ல இருக்கான். வெளிய அவன் ரத்தம் யாரு இருக்காங்கக்கா?"

போன வாரம் கொம்பையா கொடுத்த எச்சிலின் பதிவை எடுத்துச் செண்பகவல்லி தேடினாள். அவனைப் பிரிந்துபோன மனைவியோடு சாத்தூரில் இருக்கும் ஆறு வயது மகளின் பெயர், பள்ளி முகவரியோடு வந்தது.

"யாருமில்லம்மா."

"திரைய இப்படித் திருப்புங்க."

செண்பகவல்லி திரையைத் தூக்கித் தரையில் அடித்தாள். இசைவாணி பையிலிருந்து அரிவாளை எடுத்தாள்.

"பேரச் சொல்லுங்கக்கா."

முதல் வெட்டு, மேசையைப் பிடித்திருந்த கையில் விழுந்தது. ஆட்கள் ஓடிவந்து பிடிப்பதற்குள் தோளில் இன்னும் இரண்டு விழுந்தன. செண்பகவல்லி அலறினாள், பெயரை மட்டும் சொல்லவில்லை.