மேல்வீட்டு மதாம்

“நான் ஓல்னேக்கு வரமாட்டன் தம்பி. நீ வந்த வழியால போ.”

தில்லைநாயகி இதைச் சொல்லும்போது மகனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ரூ லூயி-பிளாங் தெருத் தமிழ்க் கடையில் வாங்கி வந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். வயது எழுபத்திரண்டு. முழங்கால் எப்போதோ தளர்ந்துவிட்டது, வாய் தளர்வதாக இல்லை.

சஞ்சீவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்பா இறந்து இரண்டு வருடமாக லா சப்பலின் இந்த இரண்டாம் மாடி வீட்டில் அம்மா தனியாகத்தான் இருக்கிறார். அவன் இருப்பது நகருக்கு வெளியே, ஓல்னே-சூ-புவாவில். தங்கை சுபாங்கி திரான்சியில். இருவர் வீட்டிலும் அம்மாவுக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்து, அதற்குள் இப்போது பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள்.

“போன மாரியில குளியலறைக்கை விழுந்து பின்னேரம் வரைக்கும் கிடந்தனீங்கள். மறந்து போச்சே அம்மா?”

“விழுந்தனான், எழும்பினனான். அதுக்கு இப்ப என்ன?”

“நீங்கள் எங்கை எழும்பினனீங்கள்? நெருப்பணைக்கிற பொம்பியேக்காரர் கதவை உடைச்சு வந்தெல்லோ தூக்கினவை.”

“வாய் காட்டாதை.”

“சரி, வரவேண்டாம். உதவிக்கு ஒரு ஆளையாவது வைப்பமெண்டால்...”

“வைச்சனீங்கள்தானே. வந்தவ என்னைக் கையில பிடிச்சுக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பாத்தா. அண்டைக்கே துரத்திப்போட்டன். எனக்கு என்னத்துக்கு ஆள்? நானே இன்னொராளைப் பாக்கிறன்.”

அந்த இன்னொராள், மேல்வீட்டு மதாம் லின். சீனத்துப் பெண்மணி. இவரைவிட மூன்று வயது மூப்பு. அவருக்கும் கணவர் இல்லை. எட்டு மாதமாகத் தில்லைநாயகி காலையில் லிஃப்ட் ஏறி மேலே போவார், பின்னேரம் மதாம் லின் இறங்கி வருவார். ஒரு நாள் தவறியதில்லை.

“அவ உங்களுக்கு ஆர் அம்மா? அவவுக்குப் பிள்ளையள் இல்லையே?”

“இருக்கினம். உங்களை மாதிரித்தான், எப்பவாவது வந்து புத்தி சொல்லிப்போட்டுப் போவினம். ஆனா அவவின்ரை மகன் ரோமன் நல்ல பெடியன். என்ரை கையைப் பிடிச்சு, எனக்கு விளங்கிற மாதிரி மெல்லப் பிரெஞ்சில கேட்டவன். ‘அம்மா தனிய இருக்கக்கூடாது, ஆனா ஆரையும் கிட்ட விடமாட்டா, நீங்கள்தான் பாக்கவேணும்’ எண்டு. நான் ஓம் எண்டிட்டன். இப்ப உன்ரை வீட்டை வந்து ரீவிக்கு முன்னால குந்தியிருக்கச் சொல்லுறியே?”

“அவவோட என்ன பாசையில கதைக்கிறீங்கள்?”

“அவ சீனத்தில சொல்லுவா, நான் தமிழில சொல்லுவன். அடுப்பை நிப்பாட்டினதோ எண்டு பாக்கிறதுக்கு என்னத்துக்குப் பாசை?” தில்லைநாயகியின் குரலில் பெருமை ஏறியது. “குளிசை போட அவவுக்குக் கள்ளம். நான் என்ரை பிரஷர்க் குளிசையை முதல் விழுங்கிக் காட்டவேணும். அப்பதான் தன்ரையை வாயில போடுவா. சாப்பாடும் அப்பிடித்தான். உப்பில்லாத ஒரு கஞ்சி வைப்பா. நான் முன்னால இருந்து குடிச்சாத்தான் அவவுக்கும் இறங்கும். கடைக்குப் போனா என்ரை கையை விடவேமாட்டா, பாவம்.”

“உங்களுக்கே ஏலாது அம்மா. இந்த வேலையை விடுங்கோ. அவையின்ரை அம்மாவை அவை பாக்கட்டும்.”

கையிலிருந்த கீரைக் காம்பைத் தில்லைநாயகி மேசையில் எறிந்தார்.

“விடமாட்டன். என்னைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனாலும் அடுத்த ரயிலில திரும்பி வருவன். கொப்பர் கண்ணை மூடின நாளிலயிருந்து நீங்கள் ரெண்டு பேரும் என்னை ஆரின்ரை வீட்டில வைக்கிறதெண்டுதான் கதைக்கிறீங்கள், ஏதோ பழைய அலுமாரியை வைக்கிற மாதிரி. அந்த மனுசிக்கு நான் வேணும். விளங்குதே? நான் போனா, அவ விழுந்து கிடந்தாலும் ஏனெண்டு கேக்க ஆளில்லை.”

கண் கலங்கிவிட்டது. அதை மகன் பார்த்துவிட்டானே என்று இன்னும் கோபம் வந்தது.

“சுபாங்கி வந்து கேட்டாலும் இதுதான் பதிலோ?”

“அவளுக்கு இன்னும் சத்தமாச் சொல்லுவன்.”

“உங்கடை விருப்பம். பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ.”

சஞ்சீவன் முகத்தை இறுக்கிக்கொண்டு எழுந்தான். அவன் வாசலைத் தாண்டியதும் கதவு படாரென்று சாத்தப்பட்டது. உள்ளே தில்லைநாயகி, மதாம் லின்னுக்கு மிளகாய் போடாமல் கொஞ்சம் கீரை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

மேல்மாடியிலிருந்து ரோமன் லின் படியால் இறங்கி வந்தான். அவனுடைய முகமும் சிவந்து போயிருந்தது. மேலே திறந்த கதவுக்குள்ளிருந்து ஒரு கிழவி சீனத்தில் உரத்துத் திட்டுவது இன்னும் கேட்டது.

“உன் அம்மா என்ன சொல்கிறார்?” சஞ்சீவன் பிரெஞ்சில் கேட்டான்.

“எங்கள் வீட்டுக்கு வரவேமாட்டாராம். கீழ்வீட்டுத் தமிழ் அம்மாவைத் தான்தான் பார்க்க வேண்டுமென்று நீ கையைப் பிடித்துக் கெஞ்சினாயாம். அந்தப் பாவப்பட்டவரை விட்டுவிட்டு வர முடியாதாம்.”

“நல்லதாய்ப் போயிற்று,” என்று சஞ்சீவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு அவன் தோளில் தட்டினான். “அடுத்த மாதமும் இதே ஞாயிறு நாமிருவரும் வந்து, இந்த வேலையை விடச் சொல்லிச் சண்டை பிடிப்போம்.”