மிதிக்கும் கால்

ஜன்னல் திரையின் இடுக்கு வழியே விழும் மதிய வெயில், தையல்காரியின் கட்டுப்போட்ட வலது காலில் கோடு கோடாகக் கிடக்கிறது. நரம்புச் சுருட்டு ஆபரேஷன் முடிந்தாயிற்று. முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே இன்னும் மரப்பு. அது சீக்கிரமே விட்டுவிடும், எழுந்து நடந்து சிறுநீரும் கழித்துவிட்டால் சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம் என்கிறாள் நர்ஸ். தம்பிக்குத்தான் நம்பிக்கையில்லை. முதுகில் ஊசி போட்டால் மனுஷி எழுந்திருக்கவே மாட்டாள் என்று தெருவெல்லாம் தமுக்கடித்துவிட்டு, இரவல் வாங்கிய சக்கர நாற்காலியோடு வந்து, அது சும்மா கிடப்பானேன் என்று தானே அதில் சாய்ந்திருக்கிறான். "பேசாம எங்க வீட்டோட வந்துடுக்கா. தனியா எதுக்கு? மெஷினை வித்துடலாம்." அதை வாங்க ஆள்கூடப் பார்த்துவைத்துவிட்டான் என்று கேள்வி. அக்காவின் கண்ணெல்லாம் கால் கட்டைவிரலில். அது லேசாக நெளிகிறது. கொஞ்ச நேரத்தில் பாதமே எழும்பி, மெஷினை மிதிக்கிற அதே தாளத்தில், போர்வையை மிதிக்கிறது. நர்ஸின் தோளைப் பிடித்து எழுகிறாள். கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்து, நாற்காலியின் கைப்பிடியைப் பற்றுகிறாள். தம்பி பதறி எழப் பார்க்கிறான். "உக்காருடா. இவ்வளவு பயந்த புள்ளைய நடக்க விடலாமா? வா, நான் தள்ளிட்டுப் போறேன்."