கொல்லையில் ஒரு புது இனம்

"கிளையை யாரும் தொடக் கூடாது!"

பேராசிரியை போட்ட சத்தத்தில் துறைத் தலைவர் நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அவள் வீட்டுக் கொல்லையில் தாவரவியல் துறையே கூடியிருந்தது.

மரம் என்னவோ ஒன்றுதான். கிளைகளில் எல்லாம் சின்ன இலை, வெள்ளைப் பூ. ஒரு பக்கம் போன கிளையில் மட்டும் அகன்ற இலை, சிவப்புப் பூ. எந்த நாட்டு மரம், எந்த இனத்தில் சேர்ப்பது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. காடு காடாக அலைந்தவளுக்குப் புது இனம் கொல்லைப்புறத்திலேயே கிடைத்துவிட்டது. இனிமேல் அந்த இனப் பெயரின் வாலில் அவள் பெயரும் காலத்துக்கும் இருக்கும்.

காலையில் மகளை அழைத்துவரக் கணவர் ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதும் அவள் மரத்தடியில்தான் இருந்தாள்.

"நீ இந்த மரமே கதின்னு கிடக்கறத பாப்பாகிட்ட சொன்னேன். குதிக்காத குறைதான் போ! உடனே லீவு போட்டுட்டு கிளம்பிட்டா."

"பின்ன? அம்மா பேரு உலகம் பூரா தெரியப் போகுதுல்ல" என்றாள், பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். வேலை கிடைத்துப் போனதிலிருந்து மகள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்த நிபுணர் முக்காலியில் ஏறி, கிளை பிரியும் இடத்தில் படிந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினார்.

"இலையையும் பூவையும் மட்டும்தான் பாத்தீங்களா மேடம்?"

"இனம் பிரிக்க அதுதானே சார் வேணும்?"

"பட்டையையும் கொஞ்சம் பாத்திருக்கலாம்."

பாசிக்கு அடியில் கிளையைச் சுற்றி ஒரு பழைய தழும்பு தெரிந்தது.

"ஒட்டுக் கட்டியிருக்காங்க. ரெண்டுமே தெருவோரத்து மரம்தான். யாரோ ரொம்பப் பொறுமையா செஞ்சிருக்காங்க."

துறைத் தலைவர் இருமுவதுபோல் சிரிப்பை விழுங்கினார். முதலாண்டு மாணவர்களுக்கு ஒட்டுக் கட்டுவதைப் படம் போட்டு விளக்குகிறவளே அவள்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காது மடல்வரை சுட்டது.

"விடுங்க மேடம், ஆளுக்கு ஒரு தடவை நடக்கறதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார் தலைவர். அவர் சிரித்தே தொலைத்திருக்கலாம்.

வீட்டை விற்றவர் எந்தக் காலத்திலோ செய்த வேலையாக இருக்கும். அந்த ஆளை மனதாரத் திட்டித் தீர்த்தாள். ஆனாலும் அந்தச் சிவப்புப் பூக்கள் கண்ணில் படும்போதெல்லாம் கூனிக் குறுகிப் போனாள். இது நிற்கிறவரை தலை நிமிர முடியாது.

ரம்பத்தை எடுத்து வந்தாள். கிளையை அறுத்து, விழுந்ததைச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிய பிறகுதான் மூச்சு வந்தது.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். மகள் பையைக்கூட இறக்காமல் நேராகக் கொல்லைக்கு ஓடி வந்தாள். பின்னால் கணவர், வாயெல்லாம் பல்லாக.

"ஒருவழியா பாத்துட்டியாமே! அப்பா சொன்னாரும்மா!"

மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு மெல்லக் குழம்பியது.

"எங்கேம்மா... ஸ்கூல் படிக்கறப்ப நான் ஒட்டுக் கட்டின கிளை?"