பாட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம்

"உனக்குப் பாட வருமா?" என்று கல்யாணமான மூன்றாம் நாள் அவன் கேட்டான்.

"எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்" என்றாள் அவள்.

கூடம் நிறைய சொந்தக்காரர்கள். வரும் என்று சொல்லியிருந்தால் மாமியார் அங்கேயே உட்காரவைத்துப் பாடச் சொல்லியிருப்பார். அதற்குப் பயந்து வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

அவன் நல்லவன். நம்பிவிட்டான். நான்கு வருடங்களாக மறுபடி கேட்கவே இல்லை.

பல் டாக்டர் அவன். வாயைத் திறந்தபடி நாற்காலியில் கிடப்பவர்கள்தான் அவன் பாட்டுக்கு முதல் ரசிகர்கள். பாதியில் எழுந்து போக வழியில்லாதவர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படுக்கையறை அலமாரியைத் திறந்துவைப்பான். எதிரொலி வராமலிருக்க, தொங்கும் துணிகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்துவான். ஒரே பாட்டை ஐந்து விதமாகத் தானே பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக லேப்டாப்பில் அடுக்குவான். அது முடியும்வரை வீட்டில் ஃபேன் கிடையாது, மிக்ஸி கிடையாது.

அவள் கட்டிலில் உட்கார்ந்து சத்தமில்லாமல் துணி மடிப்பாள். என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத் தோன்றும். தொண்டை வரை வரும். அன்றைக்குச் சொன்ன பொய் குறுக்கே வந்து நிற்கும்.

இன்று லேப்டாப் கடைக்கு வந்திருந்தார்கள். கொஞ்ச நாளாகப் பாட்டுக்குப் பின்னால் மெல்லிதாக ஒரு சத்தம் பதிவாகிறது. பழைய லேப்டாப்பின் உள்ளே சுற்றும் ஃபேன்தான் காரணம் என்பது டாக்டரின் முடிவு.

வரிசையாக ஒவ்வொரு லேப்டாப்பின் முதுகிலும் காதை வைத்துக் கேட்டான். ஸ்டெதாஸ்கோப் ஒன்றுதான் குறை. விற்பனைப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஒரே நேரத்துல எத்தனை டிராக் ஓடும் சார்? பதினாறு ஜிபி போதுமா?"

"அதெல்லாம் அப்புறம்மா. முதல்ல மூச்சு விடாத லேப்டாப்பா ஒண்ணு காட்டுங்க."

மூன்றாவது அப்படித்தான் இருந்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று, அவன் பென் டிரைவில் கொண்டுவந்திருந்த பாட்டை அந்தப் பெண் ஹெட்ஃபோனில் கேட்டாள். ஓரிடத்தை மட்டும் திரும்பவும் ஓடவிட்டுக் கேட்டாள்.

"சார், ஃபேன் சத்தம்னா ஒரே மாதிரி இருக்கும். இது பாட்டோட சேர்ந்து ஏறி இறங்குதே."

"அப்ப மைக்லதான் கோளாறு. அதையும் பிடுங்கிட வேண்டியதுதான்" என்றான் பல் டாக்டர், குஷியாகவே.

"நான் கொஞ்சம் கேக்கட்டுமா?" என்று, அதுவரை அவன் பக்கத்தில் நின்றிருந்த அவள் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

அவன் குரல். அதன் அடியில், மூடிய உதடுகளுக்குள்ளிருந்து, சுருதி பிசகாமல் கூடவே போகும் இன்னொரு குரல். அவன் மூச்சு வாங்க நின்ற இடத்தில் அதுவும் நின்றது.

மனதுக்குள்தான் பாடுகிறோம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் அதற்குள் மைக் அடுக்கியிருந்த பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தான். ஓடிப்போய்ச் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். காது மடல்வரை சூடேறியது.

"உங்க மைக் நல்லாத்தாங்க இருக்கு. எனக்கு ஒண்ணு வாங்கித் தருவீங்களா? நானும் உங்ககூடப் பாடணும்."