தொட்டுக் கும்பிட்டவர்

தானாக ஓடும் காரில் ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தணிகாசலத்தின் வேலை. அதற்கு முன் லாரி ஓட்டியவர். அம்மன் கோயில் வளைவில், லாரிக்காலப் பழக்கத்தில் ஸ்டீயரிங்கைத் தொட்டு, கண்ணை மூடி, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கை பட்டதும், இனி அவரே ஓட்டப்போகிறார் என்று கார் பொறுப்பை விட்டுவிட்டது. கண்ணைத் திறந்தபோது தயிர்க்கூடையோடு ரோட்டைக் கடந்த ஓர் அம்மா காரில் அடிபட்டுக் கிடந்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கோமளவல்லி, அதே வளைவில் காரை நிறுத்தி, காரைச் செய்த கம்பெனியின் ஆளிடம் அலுப்போடு கேட்டார். “லேசா தொட்டாலே விட்டுருமா உங்க வண்டி? இன்னொரு கம்பெனி வண்டி இதையெல்லாம் கண்டுக்காதாமே?”

“அது மனுஷன நம்பாது மேடம். எங்களுது நம்பும்.”

கோமளவல்லி தணிகாசலத்திடம் திரும்பினார். “எப்படித் தொட்டீங்க? செஞ்சு காட்டுங்க.”

செய்து காட்டினார். “ஓட்டத் தொடலம்மா. கும்பிடத் தொட்டேன்.”

“மோதுறப்ப வண்டி உங்க கையிலதான இருந்துச்சு?” என்றான் கம்பெனி ஆள்.

“கை கண்ணுல இருந்துச்சு தம்பி.” பிறகு கோமளவல்லியிடம், “அந்தம்மா பொழச்சுக்குமா?” என்றார்.

டவுன் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார். ஓட்டுநருக்குப் பின்னால்தான் இடம் கிடைத்தது. கோயில் வளைவு வந்ததும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பயணிகளில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தணிகாசலத்தின் கை எழவில்லை. வலது கால் மட்டும் தரையை அழுத்தி, அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.