கஸ்தூரிக்கு இடுப்பு வலி

"அய்யோ, இடுப்பு போச்சே! ஏறலாம் வாங்கடி!"

கஸ்தூரி கத்தியதும் ஏரிக்குள் இருந்த அத்தனை பெண்களுக்கும் முகம் சுருங்கியது.

இறால் அப்போதுதான் கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்திருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து சேற்றைத் துழாவ வேண்டும். அகப்பட்டதைப் பல்லில் கடித்திருக்கும் பறிக்குள் போட வேண்டும். பறி என்பது பனையோலைப் பை. அது வாயில் இருக்கும்வரை யாரும் பேச முடியாது. கஸ்தூரி மட்டும் அதை எடுத்துவிட்டு எடுத்துவிட்டுப் பேசுவாள்.

சேர்ந்து இறங்கினால் சேர்ந்துதான் ஏற வேண்டும். சேற்றில் யாரையும் தனியாக விட்டு வரும் வழக்கம் சுண்ணாம்புக்குளம் ஊர்ப் பெண்களிடம் இல்லை. அதனால் கஸ்தூரியின் இடுப்புதான் அந்தக் கூட்டத்துக்கே கடிகாரம்.

"தெனமும் இதே ரோதனையா கீதுக்கா," என்றாள் வினோதினி, பறியைக் கையில் எடுத்துக்கொண்டு. "பாதிப் பறிகூட ரொம்பல. இத்த எட்த்துனு போயி நான் வூட்ல இன்னா சொல்றது?"

"வலிக்குதுடி. இன்னா பண்ணச் சொல்ற?" கஸ்தூரி சிடுசிடுத்தாள்.

"நெசமா வலிக்கிறவ இம்மாஞ் சத்தமாவா கத்துவா?"

பொன்னியம்மாள் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அவர்களில் மூத்தவள் அவள்தான். கரையேறிய பிறகும் பறியை வாயிலிருந்து எடுக்காமலே நடந்தாள். ஊரில் அவளைத் தங்கமான மனுஷி என்பார்கள். முணுமுணுக்காத ஆளுக்கு எந்த ஊரிலும் நல்ல பேர்தான்.

மறுநாள் ஏரியிலிருந்து ஏறும்போது நர்ஸ் ஹேமாவதி கரையில் நின்றிருந்தாள். ஊர் ஊராகப் போய் பிரஷர் பார்க்கிறவள்.

"சிஸ்டர், நல்ல நேரத்துல வந்தீங்க," என்று வினோதினி ஓடினாள். "இந்தக்கா இடுப்பு வலி இடுப்பு வலின்னு எங்க பொழப்பக் கெடுக்குது. நெசமான்னு பாத்துச் சொல்லுங்க."

"ஒத்தக் கால்ல நில்லுங்கம்மா, பார்ப்போம்."

"இது இன்னா பெரிய வித்தையா?" கஸ்தூரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஏரியில் கொக்கு நிற்குமே, அந்த மாதிரி நின்றாள். கண்ணை மூடச் சொன்னாள் நர்ஸ். அப்போதும் அசையவில்லை.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "ரொம்ப நாள் இடுப்பு வலி இருக்கறவங்க பல பேருக்கு இப்படி நிக்க வராதும்மா. தள்ளாடும். மனசும் சேர்ந்து படுத்துரும். சில பேர் எரிஞ்சு விழுவாங்க, சில பேருக்குப் பேச்சே நின்னுடும். உங்க இடுப்பு கல்லு மாதிரி இருக்கு."

வினோதினி கையைத் தட்டினாள். "பாத்தீங்களாடி! அத்தினியும் நடிப்பு!"

"அடுத்து நீங்க வாங்கம்மா," என்று பொன்னியம்மாளைக் கூப்பிட்டாள் நர்ஸ்.

பொன்னியம்மாள் பின்வாங்கினாள்.

"அந்தம்மா இன்னாத்துக்கு?" கஸ்தூரி குறுக்கே வந்து நின்றாள். "நான்தான் சோம்பேறி. நடிச்சேன். போதுமா? எல்லாம் வூட்டுக்குப் போங்க."

"நாளையிலேர்ந்து நீ எங்ககூட வராத," என்றாள் வினோதினி.

கஸ்தூரி அவளைக் களைப்பாகப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். போடவில்லை.

"சரி, வரல. ஆனா வெயில் ஏறுனதும் ஏறிடுங்கடி."

மறுநாள் கஸ்தூரி இல்லாமல் ஏரி அமைதியாக இருந்தது. வெயில் ஏறியது. யாரும் கத்தவில்லை. வினோதினியின் பறி நிறைந்துகொண்டே வந்தது. இந்தச் சனியன் இல்லாமல் எவ்வளவு நிம்மதி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்போது ஒரு கை அவள் தோளை இறுக்கிப் பிடித்தது.

பொன்னியம்மாள். குனிந்த இடுப்பு நிமிரவில்லை. சேற்றில் கால் நிற்காமல் உடம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. பறியைக் கடித்திருந்த பல்லுக்கு நடுவே ஓலை கிழிந்து தொங்கியது. கண்ணில் வழிந்தது ஏரித் தண்ணீர் இல்லை.

வினோதினி தன் பறியையும் அவள் வாயிலிருந்த பறியையும் எடுத்தாள். "பெரிம்மா, இன்னா ஆச்சு?"

"கத்தாதடி, கண்ணு." பொன்னியம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "எம் புள்ளைக்குத் தெரிஞ்சா தண்ணில எறங்க வுட மாட்டான். அப்பறம் ஒரு வாய் டீத்தண்ணிக்குக்கூட மருமவ மூஞ்சியத்தான் பாக்கணும். இந்த இடுப்பு போயி ஒரு வருசம் ஆச்சு. வெயில் ஏறுற வரிக்கும்தான் தாங்கும்."

"யாருக்குமே தெரியாதா?"

"நான் சொல்லல. ஒருத்தி கண்டுபிடிச்சிட்டா." பொன்னியம்மாள் கரைப் பக்கம் பார்த்தாள். "கஸ்தூரி இருந்தா இந்நேரம் கத்தியிருப்பா."

நேற்று கையைத் தட்டியது வினோதினிக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. கரையேறியதும் நேராகக் கஸ்தூரி வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் பெரியம்மாவைக் கரையேற்ற வேண்டும்.

பொன்னியம்மாளை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். இன்னொரு கையை, ஒரு நோவும் இல்லாத தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, இடுப்பு போச்சே! ஏறலாம் வாங்கடி!"

பின்னாலிருந்து ஒருத்தி சலித்துக்கொண்டாள். "நேத்துதான் ஒரு சோம்பேறிய அனுப்சோம். இப்ப இவ ஆரம்பிச்சிட்டாளா?"