இடைவெளியில் பாடுகிறவள்

இன்றைக்கும் அது வந்துவிடக் கூடாது, வராமலும் இருந்துவிடக் கூடாது என்று நினைத்தபடியே நிருஜா ஓர்கன் வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை மதியங்களில் ஹில்ஸ்பரோ தேவாலயத்தில் அவள் தனியாகப் பயிற்சி செய்வாள். வாசிப்பது, முந்நூறு வருடங்களுக்கு முன்பு ஒரு பிரெஞ்சு ஓர்கன்காரர் கன்னியர் மடத்துக்காக எழுதிய பூசை இசை. ஒரு பகுதியை அவர் வாசிப்பார். அடுத்ததைக் கன்னியர் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவார்கள். அங்கே வாசித்த நாற்பது வருடமும் அவர் திரும்பிப் பார்த்ததே இல்லையாம்.

அவர்கள் பாட வேண்டிய இடைவெளிகளில் நிருஜா மனதுக்குள் எண்ணியபடி காத்திருப்பாள். மூன்றாவது வாரம் ஒரு இடைவெளியில் யாரோ ஒருத்தி பாடினாள். முதலில் வாசலருகே, பிறகு நடு வாங்கு இருக்கைகளில், இன்று நிருஜாவின் பிடரிக்குப் பின்னால். தொண்டை அறுவைச் சிகிச்சையில் நிருஜா இழந்த அதே குரல்.

"நிரு, கெதியா வா, மழை வரப்போகுது" என்றபடி வந்த கணவன் ஜனார்த்தன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"உனக்குப் பின்னால நிக்கிறது ஆரப்பா? உன்ர பழைய குரலெல்லே அது! ஒருக்காத் திரும்பிப் பார்."

ஓர்கனுக்கு மேலிருந்த, பின்னால் நிற்பவரைக் காட்டும் கண்ணாடியை அவள் போன வாரமே சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தாள்.

"மாட்டன்" என்று கரகரத்துவிட்டு, அடுத்த பகுதியை வாசிக்கத் தொடங்கினாள்.